முத்திரை இல்லாத தராசு

அன்பும் மதிப்பும் மிக்க அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் அவரவர் மாத்திரைகளின் துணையோடு சௌக்கியம். நீங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீண்ட யோசனைக்குப் பிறகு, வீட்டாரைக் கலந்தாலோசித்து, அவர்கள் சொன்னதை ஏற்காமல், என் கறுப்புக் குடையைப் பரணில் போட்டுவிட்டு நீலக் குடை ஒன்று வாங்கியிருக்கிறேன். இரு குடும்பங்களின் எதிர்காலத்தையும் தொடுகிற முடிவு என்பதால் முறைப்படி தெரிவிக்கிறேன். இனி என் வீட்டில் கறுப்புக்கு இடமில்லை. குடைக்கே இல்லாத இடம் கோட்டுக்கு எப்படி வரும்? என் பெண்ணுக்கு நீங்கள் கொண்டுவந்த வக்கீல் வரன் வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன்.

வக்கீல்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. எல்லோருக்கும் இருக்கிற விரோதம்தான். எதிராளியின் வக்கீல் புளுகர், நம் வக்கீல் கெட்டிக்காரர் என்று உலகம் பாரபட்சம் காட்டுகிறது. எனக்கு அந்தப் பாரபட்சம் இல்லை, இருவரையும் நம்புவதில்லை. எடையளவு ஆய்வாளராகக் காலம் தள்ளியவன் நான். தராசுக்குத் தட்டு இரண்டு, நாக்கு ஒன்று. வக்கீலுக்கு நாக்கு இரண்டு, தட்டு ஒன்று. அதுவும் நம் பக்கம் நீட்டியபடி இருக்கும்.

நடந்ததைக் கேளுங்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து மளிகைக்காரர் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை, பழக்கதோஷத்தால், நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் பரிசளித்த பித்தளைத் தராசில் வைத்தேன், குறைந்தது, பக்கத்து வீட்டார் பொட்டலங்களையும் வாங்கி வாசலில் வைத்தே நிறுத்தேன், அவையும் குறைந்தன, வழக்குப் போட்டேன், நியாயம் நம் பக்கம் இருக்கும்போது வக்கீல் எதற்கு என்று நானே போய் நின்றேன், எதிர்ப்பக்கம் திரும்பினால், நீங்கள் அனுப்பிய போட்டோவில் வகிடெடுத்து வாரிக்கொண்டு நிற்கிறானே, அதே பையன்! தெரிந்த மாதிரி ஒரு சிரிப்புக்கூட இல்லை. தராசுகளுக்கு எப்போதெல்லாம் முத்திரை போட வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டான். எனக்கு அத்துப்படியான விஷயம், விடுவேனா, பிரிவு, உட்பிரிவு, தண்டனை எல்லாம் சேர்த்து விளக்கினேன், நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

“ரொம்ப நன்றி சார். உங்க தராசுக்குக் கடைசியா எப்போ முத்திரை போட்டீங்க?”

அத்தான், நீங்களே சொல்லுங்கள், தன் தராசைத் தூக்கிக்கொண்டு தானே வரிசையில் போய் நிற்கிற ஆய்வாளர் உலகத்தில் எங்கேயாவது உண்டா? பையன் நீதிபதி பக்கம் திரும்பி, “முத்திரை காலாவதியான தராசு சட்டத்தின் பார்வையில் தராசே அல்ல, வெறும் பித்தளை” என்றான். வழக்குத் தள்ளுபடி. என் வாழ்நாளில் இதைவிட வெட்கங்கெட்ட வாக்கியத்தைக் கேட்டதில்லை.

வெளியே வராந்தாவில் பின்னாலேயே வந்தான். உள்ளே ‘சார்’, வெளியே ‘மாமா’. கதவு ஒன்றுதான் வித்தியாசம்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எங்க வீட்ல அந்தக் கடையில சாமான் வாங்கறதில்ல.”

“அப்புறம் எதுக்குப்பா அந்தாளுக்காகப் பேசினே?”

“அவர் கூப்பிட்டார் மாமா. நீங்க கூப்பிடலையே.”

இதை வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தது என் தப்பு. பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா, உங்களையே பேச விடாம பண்ணின ஒரே ஆள் அவர்தான். இவரை விட்டா எனக்கு வேற ஆள் வேண்டாம்” என்கிறாள். அடுக்களையில் யாரோ சிரித்தார்கள். பாத்திரம் விழுந்தது என்று என் மனைவி பிற்பாடு விளக்கினாள்.

இருந்தாலும் நான் அசையப்போவதில்லை. மாப்பிள்ளை பல் பிடுங்கட்டும், பஸ் ஓட்டட்டும், ஒரே நாக்கு உள்ளவனாக இருக்கட்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசி, வக்கீல் வீட்டாருக்கு என் மறுப்பு. மூன்றையும் உரியவர்களிடம் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
முடிவில் மாறாத,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது என் பழைய அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் வந்தது, கடிதம் மேசையிலேயே தங்கிவிட்டது. முத்திரையில்லாத தராசை வைத்து வாசலில் பொதுமக்களுக்கு எடை போட்டேனாம். சாட்சியம், நானே நீதிமன்றத்தில் கொடுத்த விளக்கம். கையெழுத்து, நான் வேலை பழக்கிய ஆள். இந்த முறை கூப்பிட்டேன். பையன் வந்தான், விசாரணையில் எழுந்து சொன்னான்: முத்திரை காலாவதியான தராசு சட்டத்தின் பார்வையில் தராசே அல்ல, வெறும் பித்தளை. இல்லாத தராசுக்கு முத்திரை எங்கே போடுவது என்று கேட்டான். முதல் பாதியில் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் அந்த வாக்கியத்தின் ஆழம் எனக்குப் பிடிபட்டது. என்னை விடுவித்துவிட்டார்கள். மேலே சௌக்கியம் என்று எழுதிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். கல்யாணத்துக்கு நாள் பாருங்கள். கறுப்புக் குடையைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது.

சர்க்கரை இந்த மாதமும் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நிறுத்துப் பார்க்க வீட்டில் தராசு இல்லை.