எங்கள் ஊருக்கு விழுந்த பச்சை

மந்தாரக்குப்பம்.

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை வெங்கடேஷ் அவர்களுக்கு, மாமனார் மருதாசலம் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் முழங்கால் நீங்கலாக யாவரும் நலம். அவ்விடம் தாங்களும் ஹரிணியும் நலமாயிருக்க மருதமலையானை வேண்டுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் தங்கள் அத்தை போனைப் பிடுங்கி, "மாப்பிள்ளை சாப்ட்டாரா" என்று ஆரம்பித்தால் சார்ஜ் தீர்ந்த பிறகுதான் அது என் கைக்கு வருகிறது. ஆகையால் கடிதம்.

தாங்கள் பாசனத் தண்ணீரைப் பரிசோதித்து சர்க்காருக்குத் தயாரித்த வரைபடம் வந்து சேர்ந்தது. நல்ல தண்ணீருக்குப் பச்சை, உப்புத் தண்ணீருக்குச் சிவப்பு என்று விளக்கியிருந்தீர்கள். எங்கள் ஊர் முழுக்கப் பச்சை. சந்தோஷப்பட்டு வயலுக்குப் போனேன். அங்கேதான் பச்சையைக் காணோம். மைன்ஸில் ஷிப்ட் பார்த்து, ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கையில் வந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய நிலம், மாப்பிள்ளை. போர் தண்ணீர் பாய்ச்சிய உளுந்து நுனி கருகி நிற்கிறது, வரப்பில் உப்புப் பூத்திருக்கிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் நல்ல தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரப் போகிறார்கள், சிவப்பு விழுந்த ஊர்களுக்குத்தான் முதலில் என்று கேள்விப்பட்டு மனுவோடு போனால், அதிகாரி தங்கள் வரைபடத்தையே மேஜையில் விரித்து, "ஒங்க ஊர் தண்ணியக் குடிக்கவே குடிக்கலாம் சார், வாய்க்கால் எதுக்கு? விவசாயம் புதுசோ?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீடு திரும்பினால் பக்கத்து வயல் சக்கரபாணி வாசலில் நிற்கிறார். "ஏங்க, வயலு கருகிக்கினு கெடக்குது. ஒங்க மாப்ள பச்சப் பெயிண்ட்ட ஊத்தி எங்க வாய்க்கால அடச்சிட்டாரேங்க!" பெண் கொடுத்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? "கம்ப்யூட்டர் சொன்னதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அலுத்துவிட்டது, மாப்பிள்ளை.

தங்கள் படிப்பைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும், எல்லாப் போரிலும் ஒரே சீரான தண்ணீர் இருப்பது அதிசயம், இதைப் பற்றிக் கருத்தரங்கில் பேசப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. தங்கள் மெஷினை ஒரு தரம் தட்டிப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கத் தாங்கள் அனுப்பிய பாட்டில்களில் தப்பு நடந்திருக்க வழியே இல்லை. எனக்கு முழங்கால் வலி என்று தங்கள் அத்தையே வீடு வீடாகப் போய் நிரப்பி வாங்கி வந்தாள். வாய்க்கால் பட்டியல் முடிவதற்குள் வேறு வரைபடம் வராவிட்டால் இந்த நிலத்தில் இனி வெள்ளாமை கிடையாது.

தங்களுக்குச் சகல சௌபாக்கியங்களும், எங்களுக்கு ஒரு சிவப்புப் புள்ளியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
மருதாசலம்.

பி.கு.: இதைத் தங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏனுங்க, மாப்பிள்ளைக்குப் போற பாட்டில்ல அந்த உப்புத் தண்ணியவா ஊத்துவாங்க? நம்ம மானம் என்னாவறது? கேன் தண்ணிதான் ஊத்துனேன்" என்கிறாள். மற்ற வீடுகளில்? "'மாப்ளைக்கா, இருங்க'ன்னு அவங்களும் கேனைத்தான் சாய்ச்சாங்க." ஆக, தாங்கள் பரிசோதித்தது எங்கள் ஊருக்கெல்லாம் கேன் போடும் வடலூர்க்காரரின் தண்ணீர். மெஷினைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் வாபஸ். நானே மோட்டார் வாயில் பிடித்த பாட்டில் ஒன்றை இத்துடன் அனுப்பத்தான் எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதில் ஏலக்காய் மிதக்கிறது. கருத்தரங்கை நிறுத்திவிட்டு நேரில் வந்து பிடித்துக்கொள்ளுங்கள். வருவதை அத்தையிடம் சொல்லாதீர்கள்.