நெவெனாவுக்கு ஒரு நாரை

நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவையாவது என் மனைவி நெவெனாவை ஏமாற்றியே தீருவது என்று இந்த மார்ச் மாதம் சபதம் எடுத்தேன்.

சும்மா இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, மீசையில் கை வைத்து எடுத்த சபதம். எடுத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது.

"கென்ச்சோ, மூக்கு முடி வெட்டப்போறியா? கத்தரி ஜன்னல் மேல இருக்கு" என்றாள்.

நான் ஓய்வுபெற்ற லைன்மேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஏறாத மின்கம்பம் கிடையாது. உயரத்துக்குப் பயந்ததில்லை, கரண்டுக்குப் பயந்ததில்லை. வீட்டில் மட்டும் அடிக்கடி ஷாக் வாங்குவேன்.

நெவெனா எங்கள் ஊர் பாலர் பள்ளிக்கூடத்தின் ஒரே டீச்சர். புத்தகத்தில் முயல் படம் காட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "படத்து முயல் மூச்சு விடுமா? அதோட நெஞ்சு படபடன்னு அடிக்கிறது கையில தெரியுமா?" என்பாள். அதனால் எங்கள் வீட்டுக் கொல்லைதான் வகுப்பறை. முயல், கோழி, ஆடு, நத்தைத் தொட்டி எல்லாம் அங்கே. மண்புழு டப்பா மட்டும் என் கட்டிலுக்கு அடியில். புழுவுக்கு இருட்டும் வெதுவெதுப்பும் வேண்டுமாம். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மிருகம் பொறுப்பு. விதிமுறையை அவள் பாட்டாகவே ஆக்கி வைத்திருந்தாள். உடம்பும் தலையும் ஆட்டி எல்லாரும் பாடுவார்கள். முதல்ல தண்ணி. அப்புறம் தீனி. அப்புறம் பக்கத்துல சும்மா உக்காரு. சத்தம் போட்டா கொஞ்சம் தள்ளி உக்காரு, எழுந்து மட்டும் ஓடாதே. தினம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போ.

இப்படி இருந்தவளுக்கு வயிற்றில் கட்டி. நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடனே வந்து சேரச் சொன்னார். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முயல் கூண்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

"எப்ப கிளம்பறோம்?"

"நாரை வரட்டும்."

"நாரைக்கும் உன் வயித்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"வயித்துக்கு இல்ல, பசங்களுக்கு. மார்ச் பொறந்த அன்னிக்கு ஒவ்வொரு கையிலயும் நூல் கட்டினது யாரு? நாரை வந்ததும் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னு சொன்னது யாரு?"

மார்ட்டெனிட்சா நூலைத்தான் சொல்கிறாள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல். மார்ச் பிறந்தால் எங்கள் ஊரில் அது இல்லாத மணிக்கட்டே இருக்காது. முதல் நாரையைக் கண்ணால் பார்த்ததும் அவிழ்த்து, பழமரத்துக் கிளையில் கட்டிவிட வேண்டும்.

"மரம் பூத்தா போதும்னு சொல்றவங்களும் இருக்காங்களே, நெவெனா."

"அவங்க அவசரக்காரங்க."

"கட்டிக்கு அவசரம் இருக்கே!"

"கென்ச்சோ, நான் போயிட்டுத் திரும்பி வருவேனா தெரியாது. நான் குடுத்த வாக்கு பசங்ககிட்ட பாக்கி நிக்கக் கூடாது. அவ்ளோதான். ஆட்டுக்குத் தழை போட்டியா?"

போடவில்லை. போய்ப் போட்டேன். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அது என் சட்டைக் காலரைத் தின்றது.

இந்த வருஷம் பார்த்து மலைப்பக்கம் பனி விடவே இல்லை. நாரை வரவில்லை. வயல் ஓரத்துப் பழைய கம்பத்தில், கரண்டு அறுத்த கம்பத்தில், நாரைக்கூடு காலியாகக் கிடந்தது. நெவெனாவின் மோதிரம் விரலில் தங்காமல் கழன்று விழ ஆரம்பித்தது. அதற்கும் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் மீசையில் கை வைத்தேன்.

நாரை வராவிட்டால் என்ன, நான் செய்கிறேன்!

வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்று, உடம்புக்கு. அதில் இருந்த ராக்கியா சாராயத்தைக் காலி செய்ய அடுத்த வீட்டு பெய்ச்சோ மனப்பூர்வமாக உதவினான். டிராக்டர் டியூபை வெட்டிக் கருப்பு இறக்கை. கேட்டுக்கு அடித்த மிச்சப் பெயின்டில் சிவப்புக் கால். திராட்சைக் கொடிக்கு நட்டிருந்த குச்சியைச் சீவி அலகு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

பெய்ச்சோவும் பார்த்தான்.

"என்னய்யா இது?"

"நாரை."

"எங்க?"

"இதோ, உன் முன்னாலதான்யா!"

"இதுவா? தண்ணி கேனுக்கு எதுக்கு மூக்கு வச்சிருக்கேன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"தூரத்துலருந்து பாத்தா நாரைதான்."

"எவ்ளோ தூரத்துலருந்து? கிரீஸ்லருந்தா?"

அவள் பள்ளியில் இருந்த நேரம் பார்த்துக் கம்பம் ஏறினேன். என் முட்டி போட்ட சத்தத்தில் வயல் காக்கைகள் பறந்தன. கீழே நின்ற பெய்ச்சோ, "விழுந்தா எந்தப் பக்கமா விழுவேன்னு முன்னாடியே சொல்லிடு. நான் நகந்துக்கறேன்" என்று தைரியம் சொன்னான். கூட்டில் கம்பி போட்டு நாரையைக் கட்டினேன். இறங்கி வந்து, மூச்சு வாங்க வாங்கப் பள்ளிக்கு ஓடினேன்.

"நெவெனா! வந்தாச்சு! நாரை வந்தாச்சு!"

அவள் என்னைப் பார்த்தாள். என் பேன்ட்டில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்டைப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வயலுக்கு அழைத்து வந்தாள். நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கம்பத்துக்குக் கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ப்ளாமென் என்ற வாயாடி ஆரம்பித்தான். "டீச்சர், அது ஏன் அசையவே மாட்டேங்குது?"

"நல்லாப் பாத்துக்கோடா. அப்புறமா பேசலாம்."

"வயித்துல இருபதுன்னு எழுதியிருக்கே, டீச்சர்!"

இருபது லிட்டர் கேன். அந்த எழுத்தை அழிக்க மறந்திருந்தேன்.

"பறவை ஆராய்ச்சி பண்றவங்க நம்பர் போட்டு விடுவாங்கடா" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"கால்லதானே வளையம் போடுவாங்க?"

"இது பெரிய நம்பர். கால்ல எடம் பத்தல."

நெவெனா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். இருமல் என்று நினைத்தேன். பிறகு குழந்தைகளைப் பிளம் மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்து ரகசியமாக ஏதோ சொன்னாள். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யானிட்சா என்ற குட்டிப் பெண்ணின் காதில் மட்டும் தனியாக நெடுநேரம் பேசினாள். அதற்கு அந்தப் பெண் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டியது. கடைசியில் நெவெனா தன் மணிக்கட்டில் இருந்த நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினாள்.

"கிளம்பலாமா கென்ச்சோ?"

ஜெயித்துவிட்டேன்! நாற்பது வருஷத்தில் முதல் தடவை. பஸ் ஏறும்வரை மீசையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அங்கி மாற்றும்போது அவள் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே சிவப்பு வெள்ளை நூல்.

"இது என்ன? அன்னிக்கு மரத்துல கட்டினியே!"

"அது உனக்காகக் கட்டினது. இது நாரைக்காக."

"அப்போ உனக்கு..."

"என்கிட்டயா கென்ச்சோ? இருபது லிட்டர் நாரை!"

"தெரிஞ்சுமா வந்தே? பசங்களுக்குக் குடுத்த வாக்கு?"

"அத பசங்ககிட்டயே பேசிட்டேன். அவங்க பாத்துக்குவாங்க. உன்னை நெனச்சுத்தான் கிளம்பினேன். முட்டி தேஞ்ச கிழவன் கம்பம் ஏறிட்டான். இன்னும் ரெண்டு நாள் விட்டா எறக்கை கட்டிக்கிட்டு நீயே கூட்டுல போய் உக்காந்திருப்பே."

சிரித்தாள். வலித்தது போல, பாதியில் நிறுத்திவிட்டாள். நூலை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"உள்ள நூல் எல்லாம் கூடாதாம். நீ வச்சிரு. நாரை வந்ததும் கட்டிடு. நெஜ நாரை, புரிஞ்சுதா?"

"நீயே வந்து கட்டு."

"சரி சரி. போய் எதாவது சாப்பிடு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. ஆபரேஷன் நடக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது. ரொம்ப நாளாகவே அது களைத்துப் போயிருந்ததாம். எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி அவள் படமும் மரணச் செய்தியும் அச்சடித்த காகிதத்தைக் கேட்டில் ஒட்டினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. படுத்தால் கட்டிலுக்கு அடியில் மண்புழுக்கள் நெளிவது கேட்பது போல இருந்தது. அவற்றுக்கு நெவெனா போனது தெரியாது. பொறாமையாக இருந்தது.

குழந்தைகள் மட்டும் தினமும் கொல்லைக்கு வந்தார்கள். ப்ளாமென் முயலுக்கு, மற்றவர்கள் கோழிக்கும் ஆட்டுக்கும் நத்தைக்கும். யானிட்சா மட்டும் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். படியில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"எனக்கு வேணாம். போய் வேலையப் பாரு."

போகவில்லை. பையிலிருந்து பனிட்சா எடுத்தாள். அவள் அம்மா சீஸ் வைத்துச் சுட்டது, ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. "என்னைத் தனியா விடுங்களேன்!" என்று கத்தினேன். கோழிகள் சிதறி ஓடின. பெய்ச்சோ ஜன்னலைச் சாத்தினான். யானிட்சா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எழுந்து மட்டும் போகவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீரைக் குடித்தேன். பனிட்சாவையும் தின்றேன். கடிபட்ட ஓரத்தையும் விடவில்லை.

"இப்ப வெளிய போகலாம் தாத்தா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

வயலுக்குப் போனோம். கம்பத்தடியில் என் நாரை அலகு உடைந்து, தலைகீழாகச் சேற்றில் கிடந்தது. மேலே, கூட்டில், உயிருள்ள நாரை ஒன்று நின்றுகொண்டு அலகைப் படபடவென்று தட்டியது. என் நாரையைப் பிடித்து வெளியே தள்ளியது அதுதான். அதுவும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

பிளம் மரம் பூக்க ஆரம்பித்திருந்தது. யானிட்சா சட்டைக்குள் ஒளித்திருந்த நூலை அவிழ்த்து எட்டின கிளையில் கட்டினாள்.

"உன்னுதும் இன்னும் அவுக்கலையா?"

"யாரும் அவுக்கல. கென்ச்சோ தாத்தா செஞ்ச நாரை, சிரிக்காதீங்க, நெஜம் வரும்போது அவுக்கலாம்னு டீச்சர் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

என் பையில் இருந்த நூலை எடுத்தேன். எனக்கு முடிச்சு விழவில்லை. அவள்தான் கட்டிவிட்டாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்கு முன்னால், சத்தம் போட்டே அழுதேன். அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"ப்ளாமெனுக்கு முயல். அவனவனுக்கு ஒண்ணு இருக்கு. நீ மட்டும் கொல்லைப் பக்கமே போறதில்லையே, உனக்கு எதைக் குடுத்தாங்க உங்க டீச்சர்?"

யானிட்சா என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"உங்களத்தான் தாத்தா. கத்தும், ஆனா கடிக்காதுன்னு சொல்லியிருக்காங்க."