தங்கத்தில் போட்ட போர்வெல்

திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் போடும் ரிக் வண்டிச் சத்தத்தைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவார்கள். அப்பாவே ரிக் வண்டி வைத்திருந்தும் கோட்டைவிட்டவள் நான் ஒருத்திதான்.

சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் தங்க நானோ கொத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சில டஜன் தங்க அணுக்கள் சேர்ந்த துணுக்கு அது. (கண்ணுக்கும் தெரியாது, கம்மலும் செய்ய முடியாது.) ஒரு லேசர் துடிப்பு அதன் எலெக்ட்ரான்களை உசுப்பிவிடும். கண்மூடித் திறப்பதைவிடக் கோடானுகோடி மடங்கு சீக்கிரமாக இன்னொரு துடிப்பு பின்னால் வந்து, அவை எப்படி அடங்குகின்றன என்று எட்டிப் பார்க்கும். இப்படிப் புள்ளி புள்ளியாக அளந்து ஒரு கோடு வரைய மணிக்கணக்காகும். திரையில் அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். என் கோடு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

"தங்கத்தோட இதயத் துடிப்பும்மா இது!" என்று குதித்தார் என் வழிகாட்டிப் பேராசிரியர். கட்டுரையில் அவர் பெயர் முதலில், தாளாளர் பெயர் இரண்டாவது, என் பெயர் மூன்றாவது. (தாளாளர் ஆய்வகத்துக்குள் வந்தது ரிப்பன் வெட்டிய அன்று மட்டும்.)

தாளாளர் முன்னால் நான் அதை விளக்க ஒரு கூட்டம் போட்டார்கள். நல்லபடி முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், டாக்டர் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். அப்பாவும் வெள்ளை வேட்டியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி ஹாஸ்டலுக்கு போர் போடும் வேலையை அவருக்குச் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். தண்ணீர் அகப்படாமல், நான் லேசரில் அளவெடுத்த நாளெல்லாம் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே இடம் மாற்றி மாற்றித் துளைத்துக்கொண்டிருந்தார்.

பேச ஆரம்பித்தேன். வெளியே ரிக் வண்டி பாறையை இடித்தது, தரை அதிர்ந்தது. பைப் மாற்ற நின்றது. மறுபடி இடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடிக்கும்போதெல்லாம் மேசை ஆடி லேசர் விலகியிருக்கிறது, கோடு இறங்கியிருக்கிறது. பைப் மாற்றும்போதெல்லாம் ஏறியிருக்கிறது.

"சார், இது தங்கம் இல்லைங்க சார்... எங்கப்பாவோட வண்டிங்க."

அப்பா என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். "வண்டிய நிறுத்தச் சொல்லிப்போடட்டுமா சாமி?"

அரங்கமே சிரித்தது. தாளாளர் சிரிக்கவில்லை. பேராசிரியர் எழுந்து, "இதெல்லாம் இந்தப் பொண்ணு தனியா எடுத்த அளவுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். மூன்றாவது பெயர் அந்த நிமிடமே முதல் பெயராகிவிட்டது.

கட்டுரை போனது, பட்டமும் போனது. பேராசிரியர் இன்று துறைத்தலைவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் டாக்டராகியிருப்பேன்.

"புள்ள டாக்டர் பட்டம் வாங்கலீங்களா?" என்று எந்த விசேஷத்தில் யார் கேட்டாலும் அப்பா முந்திக்கொள்வார்: "அத நாந்தானுங்க தொளைச்சுப்போட்டேன்!"

தொலைத்தாரா, துளைத்தாரா என்று கேட்டுக் கேட்டுச் சொந்தபந்தமெல்லாம் சிரிக்கும். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.