ஆடியில் ஏற்றிப்போன பீரோ

ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று விதித்தவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஆகியிருந்தால், அன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருப்பார்.

எனக்கு வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் வந்து பழனியம்மாளை மீனாட்சிபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒரு மாதம் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். பத்தே நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தலை வாரிய சீப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். (சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இருபத்திரண்டு வயது வந்திருக்கும்.)

அந்தச் சமயத்தில் கஞ்சிக்கோட்டில் ரயில்பாதை வேலை பார்த்த துரை ஒருவர் சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பினார். அவர் பங்களா வராந்தாவில் ஒரு பழைய பீரோ. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட மணிலாவில் செய்ததாம். மார்பு உயரம், நான்கு இழுப்பறைகள், முகப்பு முழுக்கத் திராட்சைக் கொடியும் சிங்க முகமும் செதுக்கிய கருமரம். ஆடிக்கு முன்னால் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பழனியம்மாள் அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றாள். "ஏனுங்க, இதுல ஒரு அறை முச்சூடும் என் வளையலுக்கே ஆவுமுங்க" என்றாள்.

வாங்கிவிட்டேன். அவள் வரும்வரை வீட்டில் வைத்திருக்கலாம். புத்தி இருந்தால் வைத்திருப்பேன். பீரோவைக் காட்டுகிற சாக்கில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வண்டி கட்டினேன்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவளுடைய சித்தப்பா மறித்தார்.

"என்னங்க மாப்ள, பீரோவெல்லாம் ஏத்திக்கிட்டு?"

பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மானம் போகாதா? முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "மாமனார் ஊட்டுல எறக்கி உட்டுட்டு வந்தர்றனுங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. வாங்க வந்த மாட்டை மறந்து, குறுக்குப் பாதையில் ஓட்டமாக ஓடினார்.

மீனாட்சிபுரம் போனால் மாமனார் வாசலில் பெருங்கூட்டம். சீர்சாமான் பெண்வீட்டிலிருந்துதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். திரும்பி வந்தால் ஒரே அர்த்தம்தான்: பெண் வேண்டாம். (சீரில் இப்படியொரு பீரோவே கொடுக்கவில்லையே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.) மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

"எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுங்க மாப்ள? சொல்லிப்போட்டு எறக்குங்க" என்றார் மாமனார்.

கதவோரம் பழனியம்மாள் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நானா இவளை வேண்டாம் என்பேன்? அடக்க முடியவில்லை. ஊர் முன்னால் கத்தியே விட்டேன்: "அவளப் பாக்கோணும்போல இருந்துச்சுங்க மாமா! அவ இல்லாம ஊட்டுல இருக்க முடியலீங்க!"

முதலில் சித்தப்பா சிரித்தார். ஊரே சிரித்தது. மாமனார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு உண்டுபோட்டுப் பொறப்படுங்க. ஆடின்னா ஆடிதானுங்க" என்றார்.

அவளோடு ஒரு வார்த்தை பேச விடவில்லை. ரசம் ஊற்ற வந்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பீரோவோடு திரும்பினேன். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஆவணிவரை ஓட்டினேன்.

பழனியம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் எவனாவது பெண்டாட்டியை ஊருக்கு அனுப்பிவிட்டு முகம் வாடி உட்கார்ந்தால், "வண்டி கட்டட்டுங்களா?" என்றுதான் இன்றும் கேட்பார்கள். ஆடி பிறந்ததும் பேரன் என்னையும் சீண்டுகிறான்: "அப்பாரு, வண்டி கட்டட்டுங்களா?"

"கட்டுடா சாமி" என்கிறேன். "எந்த ஊருன்னு மட்டும் சொல்லு."