நாற்று நடப் போய் நானே நடப்பட்ட கதை

எங்கள் தெருவில் எனக்குப் 'போராளி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது போராடி வாங்கிய பெயர் இல்லை. சேற்றில் கால் மாட்டிக்கொண்டதால் வந்த பெயர்.

அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த புதிதில், எங்கள் தெருமுனையில் மழைநீர்க் கால்வாய்க்கென்று ஒரு குழி தோண்டினார்கள். தோண்டியதோடு தெருவையே மறந்துபோனார்கள். மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து குறுக்கே புகுந்த வண்டிகளெல்லாம் குழியைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றன. பள்ளி வேன் டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போய் வேன் ஏறினாள். ஒருநாள் வழுக்கி விழுந்து, சீருடையெல்லாம் சேறாக, அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

சொத்து வரி கட்டிய ரசீதை (லேமினேட் செய்து வைத்திருந்தேன், அப்படி ஓர் அப்பாவி) எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ரசீதைப் பார்த்ததும், வரி செக்‌ஷன் மாடியில் என்று அனுப்பிவைத்தார்கள்.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில், திங்கள் காலை எட்டு மணிக்குக் குழியில் நாற்று நடும் போராட்டம் என்று அறிவித்தேன். 'நான் விவசாயக் குடும்பம், நானே நடுவேன்' என்று வேறு எழுதித் தொலைத்தேன். (நிலத்தை அப்பா குத்தகைக்கு விட்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவன்.) அறுபது பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். திங்களன்று வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பால் வாங்க வந்தவர்.

வெள்ளானூரில் வாங்கி வந்த நாற்றுக் கட்டோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் அளவு என்று நினைத்த சேறு முழங்காலைத் தாண்டியது. முதல் நாற்றை ஊன்றி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் காலை எடுத்தேன். வரவில்லை. இன்னொரு காலை ஊன்றி இழுத்தேன். அதுவும் போனது.

ஆபீஸ் போகிற கூட்டம் மொத்தமும் ஹாரன் அடித்து என்னைத் திட்டியது. ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஏகாம்பரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், காலு மாட்டிகிச்சா?"

தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கை கொடுக்கவில்லை. நெரிசலில் நாலு வண்டி தள்ளி நின்ற ஜீப்பைக் காட்டினார். ஏரியா பொறியாளரின் ஜீப்.

"இப்ப மாட்டிகினேன்னு சொன்னா சிரிச்சிகினு தூக்கி உட்டுட்டுப் பூடுவாங்க சார். குழிய மூடுனாத்தான் ஏறுவேன்னு சொல்லு. எப்படியும் உன்னால ஏற முடியாது, அத்த ஏன் வேஸ்ட் பண்ற?"

பொறியாளர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெளியே வாங்க, பேசிக்கலாம் என்றார். டெண்டர், மழை, ஆள் பற்றாக்குறை என்று வரிசையாகச் சொன்னார். குழியை மூடினால் ஏறுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பயத்தில் குரல் நடுங்கியது. அதை எல்லோரும் ஆவேசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள் பைக்கை விட்டு இறங்கி என் பக்கம் வந்து நின்றார்கள்.

அரைமணி கழித்துக் கால் லேசாக இளகியது. இழுத்தால் வந்துவிடும். அப்போதுதான் யாழினி, வேனுக்குப் போகிற வழியில், தன் அம்மாவோடு குழியோரம் வந்து நின்றாள். கையில் ஷூ.

"அப்பா, நீயும் விழுந்துட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இளகிய காலை நானே திரும்ப அழுத்தி ஊன்றிக்கொண்டேன். யார் வந்து சொன்னாலும் இனி ஏறுவதில்லை என்று அப்போதுதான் நிஜமாகவே முடிவு செய்தேன்.

பத்தரை மணிக்கு ஜேசிபி வந்தது. பின்னாலேயே ஜல்லி லாரி. முதலில் என்னைப் பிடுங்கினார்கள். வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது. (அடியில் டவுசர் போட்டிருந்தேன், கடவுள் இருக்கிறார்.) சாயங்காலத்துக்குள் குழி மூடியாயிற்று. மறுநாள் வேன் வாசல் வரைக்கும் வந்தது. யாழினி ஷூ போட்டுக்கொண்டு ஏறினாள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் மனு எழுதுவதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டாலும், குப்பை வண்டி வராவிட்டாலும் நேரே என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அடிக்கிறார்கள். போன வாரம் குடிநீர்க் குழாயில் வெறும் காற்று வந்தது. என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, சும்மாதானே இருக்கீங்க? போய் அந்தத் தண்ணி டேங்குல மாட்டிக்கிட்டு வாங்களேன்."