இலவச சாப்ட்வேரும் தார்ப்பாய்க் கடையும்

அக்காவின் குரலை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான் இசக்கிராஜா.

அவன் எழுதிய 'காவக்காரன்' சாப்ட்வேர், கம்பெனிகளின் கிளவுட் சர்வர்களைக் கண்காணிக்கும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் உடனே போனில் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு, அக்கா முத்துக்கனி தினமும் அவனை எழுப்பும் வசவையே விளையாட்டாகப் பதிந்து வைத்திருந்தான்.

"ஏலே, செத்தா போயிட்ட? எந்திரிலே!"

ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தார்கள். வசவும் சேர்ந்தே போனது.

இன்று பெங்களூர் கம்பெனி ஒன்று அவன் கம்பெனியையே வாங்க வருகிறது.

"சும்மா கெடைக்கத எவம்லே வெல குடுத்து வாங்குவான்?" என்று அக்கா முதலிலேயே கேட்டிருந்தாள். இன்று விற்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, கீழே அவளுடைய தார்ப்பாய்க் கடையில் உட்காருவதாக அவனும் வாக்குக் கொடுத்திருந்தான். லாரிக்காரர்களிடம் தார்ப்பாய் விற்பது அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

வருகிறவர்கள் பெரிய மனிதர்கள். வசவைக் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். குரலை எடுத்துவிட்டு மென்மையான மணி ஒன்றை வைத்து அடித்துப் பார்த்தான். அக்காவுக்குப் பாம்புக் காது. மேலே ஏறி வந்துவிட்டாள்.

"ஏலே, என் கொரலுக்கு என்ன கொள்ள? மணிய மாட்டியிருக்க?"

"டீசண்டா இருக்கணும்லாக்கா. நீ ஒரு எட்டு ஸ்ரீவைகுண்டம் போயிட்டு வாயேன். பிரேமா சித்திக்கு மேலுக்குச் சரியில்லையாம்."

அக்கா அங்கேயே நின்று சித்திக்குப் போன் போட்டாள். சித்தி வயலில் நடவு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள். நல்ல ஆரோக்கியமான அதட்டல்.

"பொய்யா சொல்லுத? இன்னிக்கு வாயத் தொறந்தா என் பேரு முத்துக்கனி இல்ல!"

அக்கா இறங்கிப் போன சற்று நேரத்தில் பெங்களூர் கம்பெனியின் ஜெயஷீலா மேடம், இன்ஜினியர் ஸ்டெபியோடு வந்து சேர்ந்தார்.

"இப்ப ஒரு சர்வரை நிறுத்திக் காட்டுறேன் மேடம்."

மணி 'டிங்' என்றது. துறைமுகத்துக்குப் போன உப்பு லாரியின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

"அடிச்சுதா?"

"அடிச்சுது மேடம்."

சத்தத்தை முழுக்க ஏற்றி மறுபடியும் அடிக்க வைத்தான். கீழே நின்ற டிரைவர் ஒருவர் குல்பி வண்டி என்று நினைத்து, "அண்ணாச்சி, ரெண்டு குடுங்க" என்றார். பதற்றத்தில் இவன் எதையோ தட்ட, மணி நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது. ஸ்டெபி கொட்டாவி விட்டாள். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் சபதம் அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏலே இசக்கி!" என்று கீழேயிருந்து குரல் கிளம்பியது. "மணி அடிச்சிக்கிட்டே கெடக்கு, செத்தா போயிட்ட? எந்திரிலே!"

ஸ்டெபி துள்ளி எழுந்து லேப்டாப்பைத் திறந்தாள். "எந்த சர்வர்? எந்த சர்வர்?"

இசக்கிராஜாவுக்கு உயிரே போய்விட்டது. "மன்னிச்சிருங்க மேடம். அது எங்க அக்கா..."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "இதை ஏம்ப்பா எடுத்தீங்க? மணி அடிச்சா எங்க பசங்க திரும்பிப் படுத்துக்குறாங்க. இந்தக் குரலுக்குத்தான் எந்திரிக்கிறாங்க. சாப்ட்வேர்தான் சும்மாவே கிடைக்குதே! நாங்க விலை பேச வந்ததே இந்தக் குரலுக்குத்தான்."

படியேறி வந்த அக்கா அதைக் கேட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ கீழ போயி தார்ப்பாய்க் கடையப் பாருலே. வெலய நான் பேசிக்கிடுதேன்."