நாலு நாலாக ஒட்டிய மகரந்தம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நலமா என்று கேட்பதற்கில்லை. இப்போதுதான் என் கையில் காபியைத் திணித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாய். நீ திரும்பும்போது நான் என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருப்பேன். நேரில் சொன்னால் நீ விடமாட்டாய், நானும் அழுது தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

முதலில் நன்றி. புரை விழுந்த கண்ணோடு வந்தவனுக்கு ஆபரேஷன் செய்து வைத்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திருப்பிக் கொடுத்தாய். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேனா? உன் மேஜையிலிருந்த மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தேன். மகரந்தம் எல்லாம் நாலு நாலா ஒட்டிக்கிட்டு நிக்குது! ஆயுசு பூரா போல்ட்டு ஃபாக்டரியில சரக்கு சோதிச்சவன் நான். ரெண்டு ஒட்டியிருந்தாலே கழிச்சுக்கட்டுவோம். ஐயோ, மட்டமான சரக்கை யாரோ உன் தலையில கட்டிட்டாங்களேன்னு பதறி, நீ மகரந்தம் சேர்த்து வச்சிருந்த குப்பிகளை எல்லாம் வெந்நீர்ல ஊறப்போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினேன். மகரந்தம் பிரியல. பேர் எழுதி ஒட்டின சீட்டுதான் பிரிஞ்சு வாளியில மிதந்துச்சு. எது எந்தச் செடின்னு தெரியாம உன் உழைப்பு மொத்தமும் வாளிக்குள்ள கிடந்துச்சு.

நீ வந்து பார்த்தே, அப்படியே தரையில உட்கார்ந்துட்டே. இன்னிக்கு வசமா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நின்னேன். நீ என்னடான்னா, “மாமா, இது எரிக்கேசியே குடும்பம். ப்ளூபெர்ரி, ரோடோடெண்ட்ரான் எல்லாம் இதுல சேர்ந்ததுதான். இதுங்க மகரந்தம் பெரும்பாலும் நாலும் ஒட்டித்தான் இருக்கும். ஒரே செல்லுல பிறந்த நாலு. அதுதான் அடையாளமே”ன்னு சொல்லி என்னையும் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டே. அளவு, மேல்தோல் எல்லாம் பார்த்து ஒவ்வொரு பேரா மீட்டே. ஒரு குப்பியில மட்டும் எல்லாம் தனித்தனியா இருந்துச்சு. “மாட்டிக்கிச்சு! இது வேற குடும்பம், வெளியே தள்ளு”ன்னு குதிச்சேன். நீ சிரிச்சே. “இதுவும் அதே குடும்பம்தான் மாமா. ஆரம்பத்துலயே பிரிஞ்ச கிளை. பூவையும் மத்ததையும் பார்த்தா உறவு தெரிஞ்சுடும். தனியா நிக்குதுன்னு தள்ளி வச்சிடுவாங்களா?” உன் அத்தை போனதுக்கப்புறம் என்னை யாரும் எதுலயும் சேர்த்துப் பேசினதில்லை.

அதான் தைரியமா கிளம்பறேன். தனியா போய் நின்னாலும் நான் குடும்பம்தானே. இங்கேயே இருந்தா அடுத்து எதை ஊறப்போடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. நாளைக்கு உன் குப்பிகளைப் பார்க்கப் பெரிய ஆளுங்க வர்றாங்க, அது நல்லபடியா முடியணும். அதுக்காகப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உபகாரம்: நீ எழுதி வச்ச புதுச் சீட்டுகளை, எந்தத் தண்ணியிலயும் பிரியாதபடி, செருப்பு ஒட்டுற பசையால ஒட்டிட்டுப் போறேன்.

மகனுக்கும் பேத்திக்கும் என் அன்பு. நீ நீடூழி வாழ்க. உன் செடிகள் எல்லாம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
நீ கண் கொடுத்த மாமனார்

பி.கு.: இடது கையால எழுதறேன், கோணலா இருந்தா கண்ணைக் குத்தம் சொல்லாதே. பஸ் போயிடுச்சு. பசை ரொம்ப நல்ல பசை. சீட்டோட நிக்காம மூணு குப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. உள்ளே இருக்கிறதுக்கு ஒரு சேதமும் இல்லை, பேரும் தெளிவாத் தெரியுது. பிரிக்கப் போன என் வலது கட்டைவிரலும் கூடவே ஒட்டிக்கிச்சு. எண்ணிப் பார்த்தேன், நாலு. சாயங்காலம் நீ வந்து பிரிச்சுக்கலாம். அவசரமே இல்லைம்மா.